சிபுவின் தேவாலயமும் குடியேறிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்கிழக்காசியக் குடியேற்றம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் மலேசியாவின் சரவாக் மாநிலத்துச் சிபு நகரம் இடம்பெறாதது பெரிய குறை. அங்குள்ள மெதடிஸ்ட் சபை, வெளிநாட்டு மிஷனரி வந்து ஆள் சேர்த்து உருவானதன்று. சீனாவின் ஃபூச்சௌ வட்டாரத்து விவசாயிகள் தங்கள் சபையையும் கூடவே கொண்டு கப்பலேறினார்கள்.

அவர்களை அழைத்துவந்தவர் வோங் நை சியோங். 1898இல் பெய்ஜிங் சீர்திருத்த இயக்கத்தில் பங்கெடுத்து, அது ஒடுக்கப்பட்டதும் தப்பியவர். பஞ்சத்திலும் அடக்குமுறையிலும் தவித்த தம் மக்களுக்கு நிலம் தேடி, 1900இல் சரவாக்கை ஆண்ட ராஜா சார்லஸ் புரூக்குடன் ஒப்பந்தம் செய்தார். 1901இல் சிபுவில் ராஜாங் ஆற்றங்கரையில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் மெதடிஸ்டுகள். நெல் கைகொடுக்கவில்லை, நோயும் கடனும் நெருக்கின. 1904இல் வோங் ஊரைவிட்டே போனார்.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த அமெரிக்கப் போதகர் ஜேம்ஸ் ஹூவர் ரப்பரை அறிமுகப்படுத்தினார், பள்ளிகள் திறந்தார், நெல் அரைக்கும் இயந்திரமும் கொண்டுவந்தார். 1935இல் மலேரியாவில் இறக்கும்வரை அந்த மக்களோடே இருந்தார். அவரை மனதாரப் போற்றுகிறேன். ஆனாலும் காட்டை வெட்டித் திருத்தியவர்கள், கூலியில் மிச்சம்பிடித்துச் சபைக்குக் கொடுத்தவர்கள் அந்தக் குடியேறிகள்தாம். அவர்களுடைய பெண்களைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

நம் வாசகர்களுக்கு இதில் ஒரு தொடர்பும் உண்டு. 1885இல் சிங்கப்பூரில் மெதடிஸ்ட் பணியைத் தொடங்கிய வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். மலாயாவில் தமிழர் கட்டியெழுப்பிய மெதடிஸ்ட் சபைகள் பற்றியும் விரிவான கட்டுரை வெளியிடுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படித்துச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்