கோப்பின் முற்பதிப்பைக் காப்பது யார் கடமை?

கோப்பொன்றைத் திருத்திச் சேமித்ததும் அதன் முன்னைய வடிவம் அழிந்துபோதல் கணினியின் இயல்பெனப் பலரும் கருதுவர். அஃது இயல்பன்று, பணிசெயல் முறைமைகளை ஆக்கியோர் செய்த தெரிவேயாகும். 1977 இல் டிஜிட்டல் எக்யுப்மென்ற் நிறுவனம் அறிவித்த வி.எம்.எஸ். முறைமை வேறு வழியைக் கைக்கொண்டது. அங்கு கோப்புப் பெயரின் பின்னே அரைப்புள்ளியும் ஓர் எண்ணும் நிற்கும். அறிக்கையொன்றை எழுதி இருமுறை திருத்தினால் 1, 2, 3 என மூன்று பதிப்புகளும் வட்டில் அருகருகே இருக்கும். எண் குறியாது அழைப்பின் இறுதிப் பதிப்பே வரும். பழையனவற்றைக் களைய ‘பேர்ஜ்’ என்னும் கட்டளையுண்டு. எத்தனை பதிப்புகள் தங்கலாம் என வரையறுக்கவும் இயலும்.

யுனிக்ஸ் மரபோ இதற்கு நேர்மாறானது. பட்டியலொன்றை வரிசைப்படுத்தி, வெளியீட்டை அதே கோப்புக்குத் திருப்புமாறு பணித்தால், முதலில் நிகழ்வது அக்கோப்பு வெறுமையாக்கப்படுதலே. வரிசைப்படுத்தும் செய்நிரல் அதன் பின்னரே வந்து வெறுங்கோப்பைத் திறக்கின்றது! இக்கேடு முறைமையின் குறையெனக் கொள்ளப்படாது, பயிலுநர் கற்றுத் தெளியவேண்டிய பாடமெனப் போதிக்கப்படுவது விந்தையே. வி.எம்.எஸ். ஆக்கத்தில் முன்னின்ற டேவிட் கட்லரின் தலைமையில் உருவாகி 1993 இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி.யும் பதிப்பெண்களை ஏற்கவில்லை.

வட்டில் இடம் போதாது என்பாருளர். மெகாபைற்றுக் கணக்கில் வட்டுகள் விற்ற காலத்திலேயே வி.எம்.எஸ். இப்பணியைச் செய்தது, ரெறாபைற்று வட்டுகளின் காலத்தில் இவ்வாதம் எடுபடாது. நிகழ்படம், தரவுத்தளம் போன்ற பெருங்கோப்புகளுக்குத் தனி வரையறை விதித்தாற் போதும்.

இதற்கெனத் தனிக் கருவிகள் உள்ளனவே என்பது அடுத்த வாதம். 2005 இல் தோன்றிய ‘கிற்’ பயனர் ஒப்படைத்தவற்றை மட்டுமே காக்கும். 2007 இல் ஆப்பிள் நிறுவனம் அளித்த ‘ரைம் மெஷின்’ மணிக்கொருமுறை படியெடுக்கும். இடைப்பொழுதில் எழுதி இழந்தது அதிற் கிட்டாது. இழப்பை முன்னறிந்தவனுக்கே இவை பெரிதும் உதவுவன. இழப்போரிற் பெரும்பாலார் அதனை முன்னறியாதோர்.

அந்தரங்கம் பற்றிய மறுப்பொன்றே வலிமையுடையது. மறைவான கடிதத்தை அழித்தவர் அதன் பழம்பதிப்புகள் எஞ்சியிருப்பதை அறியாதிருக்கலாம். ஆயின் காந்த வட்டுகளில் அழித்த கோப்பின் தரவு, வேறொன்று மேலெழுதப்படும்வரை இன்றும் எஞ்சியே கிடக்கின்றது. உரியவர் கண்ணுக்கு அது புலப்படாது; தேடும் வகையறிந்த அந்நியர்க்கோ அகப்படும். இந்நிலையினும், பட்டியலில் வெளிப்படையாக நின்று ஒரு கட்டளைக்கு நீங்கும் பதிப்புகள் எவ்வகையில் ஆபத்தானவை என்பதை மறுப்போரே விளக்குதல் வேண்டும்.