வரிசை மாறினால் விடை மாறும்: ஒரு மார்க் கேள்வி மட்டும்தானா?

பதினோராம் வகுப்பு வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும்: அணிகளைப் பெருக்கும்போது வரிசையை மாற்றினால் விடையும் மாறலாம். ஒரு மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். என்னைக் கேட்டால், புத்தகத்திலேயே அதிகம் வீணாகும் வரி இதுதான்.

நம்ம திருப்பூர், தாராபுரம் பக்கத்து ஆட்களுக்கு இது புதுசும் இல்லைங்க. காட்டன் துணிக்குச் சாயம் போட்டுத் தைப்பது வேறு, தைத்துவிட்டுச் சாயம் போடுவது வேறு. பாலியெஸ்டர் நூலில் தைத்திருந்தால், காட்டன் சாயம் அதில் ஏறாமல் தையல் மட்டும் வெள்ளையாகப் பல்லைக் காட்டும். வேலை அதே இரண்டுதான், வரிசைதான் வேறு.

வரிசை மாறினால் விடை மாறும் பெருக்கலைக் கொண்டவை பரிமாற்றா வளையங்கள். அதற்காக எல்லாம் தாறுமாறு என்று நினைக்காதீர்கள். எந்த நான்கு 2×2 அணிகளையும் 24 வரிசைகளில் பெருக்கலாம். இரண்டிரண்டாக இடம் மாற்றி ஒரு வரிசைக்கு வர இரட்டைப்படை தடவை ஆனால் கூட்டல் குறி, ஒற்றைப்படை ஆனால் கழித்தல் குறி. மொத்தம் எப்போதும் பூஜ்யம்! நம்ம டிரையல் பேலன்ஸ் மாதிரி. அமித்சூரும் லெவிட்ஸ்கியும் 1950-இல் வெளியிட்ட தேற்றம் இது. இப்படி ஒரு பொது விதிக்கு அடங்கும் வளையங்களைப் பல்லுறுப்புக்கோவை முற்றொருமை கொண்டவை என்கிறார்கள்.

இதில் நம்ம ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. ஒன்றையொன்று சாராத உறுப்புகளால் எதையும் ஒரே வழியில் எழுத முடிந்தால் அந்தத் தொகுதி 'கட்டற்றது'. அதை இரண்டாகச் சுத்தமாகப் பிரித்தால், பாதியும் கட்டற்றதுதானா? இரண்டு மாறிகளும் சாதாரண எண் கெழுக்களும் உள்ள பல்லுறுப்புக்கோவைகளுக்கு 'ஆம்' என்று 1958-இல் நிரூபித்தவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி. கெழுக்களின் பெருக்கலில் வரிசை முக்கியமானால் 'இல்லை' என்று ஓஹாங்குரெனும் ஆர். ஸ்ரீதரனும் 1971-இல் காட்டினார்கள். ஸ்ரீதரனின் மாணவி, சென்னை ஸ்டெல்லா மாரிஸில் படித்த ஆர். பரிமளா, அவருடன் சேர்ந்து இதை இன்னும் விரித்தார்.

உறுப்புகளுக்குள் உள்ள உறவு, அந்த உறவுகளுக்குள் உள்ள உறவு என்று எழுதிக்கொண்டே போனால் அதிகபட்சம் எத்தனை படியில் முடியும் என்பதே ஹோமாலஜி பரிமாணம். மேலே சொன்ன இரண்டு வளையங்களுக்கும் அது 2-தான். ஆனால் குணம் வேறு. பரிமாணத்தை மட்டும் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியாது. வரிசையைக் கவனித்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

"கணக்கு எழுதப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்பீர்கள். தேற்றம் முழுவதும் வேண்டாம், ஒரே ஒரு பீரியட் போதும். மூன்று அணிகளை 6 வரிசைகளில் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தம் எப்போதும் பூஜ்யமாக வராது. பிறகு நான்கைக் கொடுங்கள். காமர்ஸ் பையன்களுக்குக் கணக்கு என்றால் விடை மட்டும்தான் என்று யார் முடிவு செய்தது?