மன்னார் வளைகுடாவில் எண்ணெய் எடுத்தால், கூடவே வரும் தண்ணீர் எங்கே போகும்?

2025 பிப்ரவரியில் மத்திய அரசு ஏலத்துக்கு அறிவித்த 25 எண்ணெய், எரிவாயு வட்டாரங்களில் மன்னார் வளைகுடாவின் ஆழ்கடல் பகுதியும் ஒன்று. பரப்பு சுமார் 9,990 சதுர கி.மீ. அடுத்த மாதமே முதல்வர் ஸ்டாலின், இதைக் கைவிடச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எண்ணெய்க் கிணறு என்றதும் நம்ம பயம் கசிவு மேலதான். ஆனால் கசிவு விபத்து, நடக்காமலும் போகலாம். கிணறு ஒழுங்காக ஓடினாலும் தினமும் வரப்போவது கழிவுநீர்.

எண்ணெய் தங்கியிருக்கும் பாறையில் பழைய உப்புநீரும் இருக்கும். இரண்டும் சேர்ந்தே மேலே வரும். உலகச் சராசரி, ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் 3 பீப்பாய் தண்ணீர். கிணறு பழசாகப் பழசாக இது எகிறும். எரிவாயுக் கிணறு என்றால் குறைவு.

சுத்திகரிக்க முடியாதா? முடியும். ஓமனின் நிம்ர் பாலைவனத்தில் நாணல் வளர்த்தே இந்த நீரைச் சுத்தம் செய்கிறார்கள். கலிஃபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில், உப்பு குறைந்த நீர் என்பதால், சுத்திகரித்து வயலுக்கே பாய்ச்சுகிறார்கள். ஆனா இதெல்லாம் தரையில் நடக்கிற கதை. நடுக்கடல் மேடையில் நாணலுக்கு எங்கே இடம்? அங்கே இருப்பது முக்கியமாக இரண்டு வழி: எண்ணெயைப் பிரித்துவிட்டுக் கடலில் விடுவது, அல்லது பூமிக்குள்ளேயே திருப்பிச் செலுத்துவது.

கடலில் விட இந்திய விதி அனுமதிக்கிறது. 95% சோதனைகளில் எண்ணெய் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எப்போதும் 100-ஐத் தாண்டவே கூடாது. சிக்கல் என்னவென்றால், பென்சீன், பீனால் போன்றவை நீரில் கரைந்திருக்கும். எண்ணெயைப் பிரிக்கும் கருவியில் அவை முழுசா சிக்காது.

ஆழ்கடலில் எல்லாம் நீர்த்துப்போகும் என்பது நிறுவனங்களின் வாதம். பாதி உண்மை. குழாய் வாய்க்கு அருகில்தான் பாதிப்பு அதிகம். ஆனால் முத்துச்சிப்பி கடல்நீரை வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. அதன் குஞ்சுகள் பாரில் ஒட்டும் முன் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதக்கின்றன. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். ஏற்கெனவே நொந்துபோன பார்கள். பக்கத்திலேயே 21 தீவுகளோடு கடல்சார் தேசியப் பூங்கா.

திருப்பிச் செலுத்துவதில் லாபமும் உண்டு: பாறையில் அழுத்தம் குறையாது, எண்ணெய் தொடர்ந்து வரும். பம்ப், தனிக் கிணறு எனச் செலவுதான் அதிகம். மேடை கட்டி முடித்தபிறகு இதைச் சேர்க்க இடமும் இருக்காது, மனசும் வராது. திட்டமே வேண்டாம் என்பவர்களின் கோரிக்கை ஒருபக்கம் இருக்கட்டும். ஏலம் தொடர்ந்தால், ‘ஒரு சொட்டும் கடலுக்குள் விடக் கூடாது’ என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்று இப்போதே கேட்க வேண்டும்.