மூக்குத்தி இருக்கும், மூக்கு இருக்காது!

ஆபீஸில் உங்களிடம் நல்ல கேமரா இருக்கும் விஷயம் மட்டும் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் மார்கழியில் யாராவது வந்து நிற்பார்கள். ‘சார், பொண்ணுக்கு சபாவுல முதல் கச்சேரி. நாலே நாலு படம்!’ மறுக்க முடியாது. முதல் கச்சேரிக்கு ‘ஒன்ஸ் மோர்’ கிடையாது.

நானும் வருஷா வருஷம் மாட்டிக்கொள்கிறவன்தான். எனவே, சொல்கிறேன்.

முதலில் ஃபிளாஷை அணையுங்கள். பத்தாவது வரிசையிலிருந்து அடித்தால் அது மேடைக்குப் போய்ச் சேராது. முன் சீட் மாமாவின் வழுக்கைதான் ஜொலிக்கும்.

அடுத்து, ‘ஆட்டோ’வை நம்பாதீர்கள். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் ஓர் அப்பாவி. எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் கறுப்புத் திரை, விளக்கடியில் ஒரே ஒரு முகம். ‘ஐயோ, ஒரே இருட்டு!’ என்று வெளிச்சத்தை அள்ளிக் கொட்டிவிடும். திரை சாம்பலாகும், முகம் சுண்ணாம்படித்த சுவராகும். மூக்குத்தி இருக்கும், மூக்கு இருக்காது. ஸ்பாட் மீட்டரிங்கில் முகத்தை மட்டும் அளந்து (நம்மூர் மாநிறம் ஏறக்குறைய அந்தச் சராசரிதான்), மேனுவலில் வைத்துவிடுங்கள். கர்நாடகக் கச்சேரியில் விளக்கு பெரும்பாலும் மாறாது. மங்களம் வரை அதே கணக்கு ஓடும்.

மீதியெல்லாம் பி.காம். சமாச்சாரம். ஒன்றில் பற்று எழுதினால் இன்னொன்றில் வரவு எழுதியாக வேண்டும். முகத்துக்கு ஷட்டர் 1/125 செகண்ட் போதும். மிருதங்க விரல்கள் கலங்காமல் நிற்க 1/500-ஆவது வேண்டும். அப்போது கால்வாசி வெளிச்சம்தான் உள்ளே வரும். ஐ.எஸ்.ஓ.வை 1600-லிருந்து 6400-க்கு ஏற்றித்தான் ஈடுகட்ட வேண்டும். வட்டியாக, ரவை தூவினாற்போல் புள்ளிகள் வரும். கட்டிவிடுங்கள். புள்ளி விழுந்த படத்தை ஃப்ரேம் போடலாம், ஆடிப்போன படத்தை என்ன செய்ய? வட்டி பிடிக்காதவர்கள் 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸ் வாங்கலாம். 5.6 வரைதான் திறக்கும் ஜூமைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால், முன்வரிசை சீட்டும் வேண்டும்.

எப்போது அமுக்குவது? ஆலாபனையில் வேண்டாம். அந்த நிசப்தத்தில் ‘டப் டப்’ என்று ஷட்டர் அடித்தால் பெண்ணின் பாட்டியே எழுந்து வந்து கேமராவைப் பிடுங்கிவிடுவார். தனி ஆவர்த்தனம் வரை பொறுங்கள். கடைசிக் கோர்வையை மூன்று தடவை வாசிப்பார்கள். முதல் தடவையிலேயே விரலைப் பட்டனில் வையுங்கள். மூன்றாவது முடிந்து பாட்டு மறுபடி சேரும்போது மிருதங்கக்காரர் நிமிர்வார், வயலின்காரர் தலையாட்டுவார், அதுவரை கும்பிட்ட சாமியெல்லாம் காப்பாற்றிய நிம்மதியில் பெண் சிரிப்பாள். அமுக்குங்கள்!

அப்புறம், முன்வரிசையில் அம்மாவையும் ஒன்று எடுங்கள். மேடைக் கணக்கு அங்கே செல்லாது, இருட்டு. ஷட்டரை 1/30-க்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். உதடு மட்டும் கொஞ்சம் கலங்கும். கூடவே பாடிக்கொண்டிருப்பார்.