கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பிள்ளை

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் அருப்புக்கோட்டைத் தெருக்களில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்க்கலாம். ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை, மாற்றாத பள்ளிச் சீருடை, இடுப்பில் அடுத்த வீட்டுக் கைக்குழந்தை. குழந்தையின் அம்மா மில்லில் இரண்டாம் ஷிப்டில் இருப்பார்; அல்லது அலுவலகம் விட்டு அப்போதுதான் பஸ் ஏறியிருப்பார். கேட்டால், "வேலைக்கெல்லாம் வைக்கலைங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளை, கூடமாட ஒத்தாசையா இருக்கும்" என்பார்கள். குழந்தை கண்ணயர்ந்ததும் அந்தப் பிள்ளை வாசலில் குத்தவைத்துப் பாத்திரம் விளக்கும். மாசம் பிறந்தால் கையில் ஏதோ கொடுப்பார்கள். தீபாவளிக்கு ஒரு சுடிதார்.

இது தவறு. சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவோம்.

14 வயது நிரம்பாத பிள்ளை என்றால் குற்றமும்கூட. சிறுவர்களை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாதென்ற தடை 2006 அக்டோபர் 10 முதலே இருக்கிறது. 2016-இல் வந்த சட்டத் திருத்தப்படி, வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளி விட்டபின் சொந்தக் குடும்பத்துக்கு உதவலாம் என்று அதே சட்டம் ஒரு சலுகை தருகிறது. பெற்றோர், உடன்பிறந்தார், பெற்றோரோடு பிறந்தவர்கள், அவ்வளவுதான் குடும்பம். தெருவில் முறை வைத்துக் கூப்பிடும் அத்தை அதில் சேர மாட்டார்.

பதினைந்து, பதினாறு வயதுக்கு வீட்டு வேலையை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. தடுக்காததாலேயே சரியாகிவிடாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிக்க வாய்ப்பதே அந்த ஆறு முதல் எட்டு மணிதான். நம் மகளை அதே நேரத்தில் டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, அவள் தம்பியைத் தூக்கிவைத்திருக்க இன்னொரு வீட்டு மகளைக் கூப்பிடுகிறோம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பள்ளியைத் தாண்டி மேலே படித்தால்தான் அது கிடைக்கும். நம் வீட்டு எச்சில் தட்டுக்காக அவள் அதை இழக்க வேண்டுமா?

"அவங்களுக்கும் நாலு காசு ஆகுமே" என்ற பதில் திருச்சுழிப் பக்கம் எடுபடும். கண்மாய் பெருகாத வருஷத்தில் சீமைக்கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் வீட்டுக்கு 500 ரூபாயும் பெரிதுதான். அப்படியானால் அந்த வேலையைத் தாய்க்குக் கொடுங்கள். மானாவாரிச் சீமையில் வேலை தேடும் பெண்களுக்கா பஞ்சம்? ஆனால் பெரியவர் கூலி பேசுவார், நேரமானால் கிளம்பிவிடுவார், சொல் பொறுக்க மாட்டார். பிள்ளையிடம் அந்தத் தொல்லை கிடையாது. ஒத்தாசை என்ற பேச்சுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

மில்லுக்குப் போகும் தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு மனமில்லை. அங்கன்வாடியைச் சாயங்காலத்துக்கு முன்பே பூட்டிவிடுகிறார்கள். 50 பேர் வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைத்தாக வேண்டும் என்று 2017-இலேயே பேறுகால நலச் சட்டத் திருத்தம் சொல்லிவிட்டது. அந்தக் காப்பகம் இரண்டாம் ஷிப்டு முடியும்வரை திறந்திருக்கிறதா என்று அதிகாரிகள் ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பார்க்கட்டும். அதே எட்டு மணிக்கு வீட்டில் டிவி முன்னால் சாய்ந்திருக்கும் அப்பாவும் எழுந்துபோய்ப் பாத்திரத்தைக் கழுவட்டும்.