ஒரு சிலேட்டும் பல கைகளும்

கல்வராயன் மலையினின்று புளியும் கடுக்காயும் சுமந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவரும் இருவரை மனத்திற் கொள்வோம். மண்டியில் எடைபோடுவோர் இருவர். எடையைக் குறிக்கும் சிலேட்டோ ஒன்றே. முதலாமவரின் எடையை வாசித்துப் பணம் எண்ணுமுன் மற்றவரது எடை அதன்மேல் எழுதப்படுமாயின், அவர் பெறுவது பிறருக்குரிய தொகை. திருடினார் எவருமிலர், பிழை செய்தவர் இன்னாரென்று காட்டவும் இயலாது.

கணினி நிரல்களிலும் இஃதே நிகழ்கின்றது. பலரும் எடுத்தாளும் ஸி மொழியின் பொது நூலகத்தில் 'லோக்கல்டைம்' என்றொரு செயற்கூறு உண்டு. நொடிக்கணக்கை நாளும் மணியுமாக மாற்றுவது அதன் தொழில். விடையைத் தன்னகத்தே நிலையாக வைத்துள்ள ஓரிடத்தில் எழுதி, அவ்விடத்தின் முகவரியை மட்டுமே கேட்டவர்க்கு அளிப்பது அதன் இயல்பு. நிரல் ஒரே இழையாய் ஓடிய நாளில் அது நல்ல சிக்கனமே. இன்றோ ஒரு நிரலுக்குள் பல இழைகள் ஒருங்கே ஓடுகின்றன. விண்ணப்பங்களை ஏற்கும் நிரலொன்று இக்கூற்றை அழைக்குமாயின், வெள்ளிமலை மாணவனது விண்ணப்பத்தில் சின்னசேலம் மாணவியின் நேரம் ஏறிவிடக்கூடும். கடைசி நாளிரவில் அவ்வாறு நேர்ந்து அவன் விண்ணப்பம் தள்ளப்படின், யாரிடம் முறையிடுவது? முன்னர்க் கணித்த விடையை நிலைமாறியில் சேமித்துவைக்கும் நூலகம் அனைத்திற்கும் இவ்விடர் உண்டு.

பூட்டொன்று போட்டாற் போதுமென்பாருமுளர். எழுதும்போது பூட்டி, எழுதியபின் திறந்துவிட்டால், வாசிப்பவர்க்குக் காவல் ஏது? முகவரி வெளியே சென்றபின் உள்ளிருக்கும் பூட்டினாற் பயனில்லை. 1995-ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரம் கண்ட வழியே செவ்விது. 'லோக்கல்டைம்_ஆர்' என்னும் அதன் மறுவடிவில், விடை எழுதும் இடத்தை அழைப்பவரே கொண்டுவருகின்றார். அவரவர் சிலேட்டு அவரவர் கையில். இழைக்கோர் இடம் ஒதுக்குதலும் தக்கதே. ஸி பிளஸ் பிளஸ் மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தரம் செயற்கூற்றினுள் அமைந்த நிலைமாறியைக் காத்துவிட்டதே எனின், அது காப்பது முதன்முறை மதிப்பிடுதலை மட்டுமே. பின்னர் இருவர் ஒருங்கே திருத்துங்கால் அன்று.

"நூறுமுறை ஓட்டிப் பார்த்தேன், பிழையில்லை" என்பர் நம் மாணவர். அந்நூறு முறையும் இழைகள் மோதவில்லை என்பதற்கே அது சான்று. இனி மோதா என்பதற்கன்று. ஆதலின், பிறர்க்கென நூலகம் எழுதுவோன் அதனுள் மறைந்திருக்கும் நிலைமாறிகள் எவை, அவற்றைப் பல இழைகள் ஒருங்கே தொடலாமா என்பதை விளக்கக்குறிப்பில் வெளிப்பட எழுதுதல் வேண்டும். அக்குறிப்பில்லாத நிரலுக்கு ஆய்வுக்கூடத்தில் முழுமதிப்பெண் வழங்கலாகாதென்பது எமது கருத்து. கடுமையென்று முனகுவோர் முனகட்டும். வெள்ளிமலை மாணவன் முனகவும் இடமின்றி நிற்பானே.