10 வருடத்தில் மூடிய கம்பெனி... 30 வருடம் தாண்டியும் ஓடும் ஆட்டம்!

இரண்டு குட்டிப் பனிமனிதர்கள். எதிரி மேல் பனியை வீசிக்கொண்டே இருப்பார்கள். எதிரி முழுசாகப் பனி உருண்டையானதும் ஒரே தள்ளு! உருண்டை தடதடவென ஓடி, வழியில் நிற்கும் மற்றவர்களையும் வாரிக்கொண்டு போகும். 'ஸ்னோ பிரதர்ஸ்' விளையாடியவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது.

1990-ல் வந்த அந்த கேமை உருவாக்கியது டோக்கியோவில் இருந்த 'டோவாபிளான்' என்ற சின்ன நிறுவனம். 1984-ல் கேம் தயாரிப்பில் இறங்கி, 1994-ல் திவாலாகிவிட்டது. ஆனால், இன்றைக்கும் துப்பாக்கிச் சுடும் கேம்களில் அதன் கைவண்ணத்தைப் பார்க்கலாம்.

மூன்றாவது முயற்சி

மசாஹிரோ யுகே, தட்சுயா உவேமுரா இருவரும் முதலில் வேலை பார்த்தது 'ஓர்கா' என்ற கேம் கம்பெனியில். அது மூடப்பட்டது. அடுத்துப் போன 'குரக்ஸ்' கம்பெனியும் நிலைக்கவில்லை. மூன்றாவதாக வந்து சேர்ந்த இடம்தான் டோவாபிளான். ஆட்கள் குறைவு என்பதால் ஒருவரே பல வேலை பார்த்தார்கள். கேமுக்கு புரோகிராம் எழுதியவர்களே இசையும் அமைத்தார்கள்.

அப்போது கேம் என்றால் வீட்டில் உட்கார்ந்து ஆடுவது மட்டுமல்ல. 'ஆர்கேட்' கடைக்குப் போய், மெஷினில் காசு போட்டு ஆட வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் ஒரே காசில் ரொம்ப நேரம் ஆடினால் கடைக்காரருக்கு நஷ்டம். போட்ட உடனே தோற்றுவிட்டால், ஆடியவர் அந்த மெஷின் பக்கமே திரும்ப வரமாட்டார். இரண்டுக்கும் நடுவே ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

டோவாபிளான் 1985-ல் கொண்டுவந்த 'டைகர் ஹெலி' இதற்கு ஒரு வழி சொன்னது. ஹெலிகாப்டரின் பக்கவாட்டில் இரண்டு வெடிகுண்டுகள் இருக்கும். எதிரிகள் சூழ்ந்து, இனி தப்பவே முடியாது என்ற நேரத்தில் பட்டனை அழுத்தினால் சுற்றியிருப்பதெல்லாம் காலி! 'கொஞ்சம் முன்னாடியே அழுத்தியிருந்தால் பிழைத்திருக்கலாமே' என்ற எண்ணம், அடுத்த காசை எடுக்க வைக்கும். இந்த 'பாம்' பட்டன் பின்னர் இந்த வகை கேம்களில் வழக்கமான ஒன்றாகிவிட்டது.

1987-ல் 'ஃப்ளையிங் ஷார்க்', 'ட்வின் கோப்ரா', 1988-ல் 'தட்சுஜின்' என வரிசையாக கேம்கள் வந்தன. ஆனால், பலவும் 'டைட்டோ' என்ற பெரிய நிறுவனத்தின் வழியாகத்தான் கடைகளுக்குப் போயின. ஆடியவர்களில் பலருக்கு டோவாபிளான் என்ற பெயரே தெரியாது.

பெயர் வாங்கித் தந்த தப்பு

வேடிக்கை என்னவென்றால், இணையத்தில் இந்த கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு தப்பான ஆங்கில வாக்கியம். 1989-ல் வந்த 'ஸீரோ விங்' ஆர்கேட் கேமை, பிறகு சேகாவின் 'மெகா டிரைவ்' கருவிக்கு மாற்றினார்கள். அதில் வில்லன், 'உங்கள் தளங்கள் எல்லாவற்றையும் கைப்பற்றிவிட்டோம்' என்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் வெளியான பதிப்பில் அது 'ஆல் யுவர் பேஸ் ஆர் பிலாங் டு அஸ்' என்று வந்துவிட்டது. தமிழில் சொன்னால், 'உங்கள் தளம் எல்லாம் எங்களுக்குச் சொந்தம் இருக்கிறது ஆகும்' என்பது மாதிரி!

ஏற்றுமதி வேலையைக் கவனித்த ஊழியரே அதை மொழிபெயர்த்தார், அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது என்று உவேமுரா பின்னாளில் பேட்டி ஒன்றில் சொல்லியிருக்கிறார். 2001-ல் அந்த வாக்கியம் இணையம் முழுக்கப் பரவி, மீம் உலகின் ஆரம்பகால சூப்பர் ஹிட் ஆனது. அதைப் பார்த்துச் சிரிக்க அப்போது டோவாபிளான் இல்லை. மூடி ஏழு வருடம் ஆகியிருந்தது.

கூட்டம் மாறியது

1991-ல் கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்ததும் ஆர்கேட் கடைகளின் காட்சியே மாறியது. தனியாக விமானம் ஓட்டியவர்கள், எதிரே ஒரு ஆளோடு மோதும் சண்டை கேம்களுக்கு நகர்ந்தார்கள். விமான கேம்களுக்கான இடம் சுருங்கியது.

அந்த நெருக்கடியிலும் 1993-ல் 'பட்சுகுன்' என்ற கேமைக் கொண்டுவந்தது டோவாபிளான். திரை முழுக்கத் தோட்டாக்கள் மழையாகக் கொட்டும். இடையில் கிடைக்கும் சின்ன இடுக்குகளில் நுழைந்து தப்ப வேண்டும். இந்த வகைக்கு ஜப்பானில் 'டன்மாக்கு', அதாவது தோட்டாத் திரை என்று பெயர். அதன் முன்னோடியாக 'பட்சுகுன்'னைத்தான் பலரும் சொல்கிறார்கள். ஆனால், கம்பெனியைக் காப்பாற்ற அதனால் முடியவில்லை. 'ஸ்னோ பிரதர்ஸ்' இரண்டாம் பாகத்தோடு டோவாபிளானின் கணக்கு முடிந்தது.

ஆட்கள் இருந்தார்கள்

கம்பெனி போனது, வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். 'பட்சுகுன்' குழுவில் இருந்த சுனேகி இகேடா உள்ளிட்டோர், 1994-ல் உருவான 'கேவ்' நிறுவனத்துக்குப் போனார்கள். 1995-ல் 'டோன்பாச்சி', 1997-ல் 'டோடோன்பாச்சி' வந்தன. தோட்டா மழை கேம் என்றாலே கேவ்தான் என்ற அளவுக்குப் பெயர் எடுத்தது அந்த நிறுவனம். டோவாபிளானில் இருந்த வேறு சிலர் 'ரைசிங்', 'டகுமி' கம்பெனிகளில் வேலையைத் தொடர்ந்தார்கள்.

2022-ல் 'ஸ்னோ பிரதர்ஸ்' புதிய ஓவியங்களோடு நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்தது. இன்றைய குழந்தைகளும் அதே பனி உருண்டையைத் தள்ளுகிறார்கள்.

யுகே என்ன ஆனார்? 2017-ல் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். டோவாபிளானின் பழைய கேம்களை மறுபடி மக்களிடம் கொண்டுபோவதுதான் அதன் முக்கிய வேலை. வேலை பார்த்த கம்பெனிகள் அடுத்தடுத்து மூடியதைப் பார்த்தவர், தன் நிறுவனத்துக்குத் தானே உருவாக்கிய ஒரு கேமின் பெயரை வைத்தார்: 'தட்சுஜின்'.

அந்த ஜப்பானியச் சொல்லுக்குப் பொருள், கைதேர்ந்தவர்!